தோட்டத்துக் கேள்விகள்: பட்டாணி பூத்தும் காய்க்கவில்லையே, ஏன்?

ஐப்பசி நெருங்கினாலே பட்டாணிக் கேள்விகள் வந்து குவியும். அதனால் இந்த இதழில் பட்டாணி மட்டும்தான். ஒரே மாதிரி கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துவிட்டேன், உங்கள் ஊர்ப் பெயர் இல்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், பதில் உள்ளே எங்காவது இருக்கும்.

ஆடிப்பட்டத்தில் அவரை, புடலை, பாகலோடு பட்டாணியும் போட்டேன் அக்கா. மற்றதெல்லாம் நன்றாக வந்தது. பட்டாணியும் முழங்கால் உயரம் வளர்ந்து பூத்தது, ஆனால் பூவெல்லாம் காய்ந்து கொட்டிவிட்டது. அடி இலை மஞ்சளாகிறது. என்ன சத்துக் குறை? எதைத் தெளிக்கலாம்?
— வாசகி, சேலம்

எதையும் தெளிக்காதீர்கள். மாதம்தான் தப்பு. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் பட்டாணியை நினைத்துச் சொல்லவில்லை. அது குளிர்காலத்துப் பயிர். சராசரி வெப்பம் 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் சுகமாக வளரும், பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் செடி பச்சையாக நின்றாலும் பூவில் பிஞ்சு பிடிக்காது. நீங்கள் ஆடியில் போட்டது ஆவணி, புரட்டாசியில் பூத்திருக்கும். சேலத்தில் புரட்டாசி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டாணிக்கு விதைக்கிற மாதத்தை முதலில் யோசிக்காதீர்கள். உங்கள் ஊரில் எந்த மாதம் பூத்தால் பூ நிற்கும் என்று யோசித்துவிட்டு, அங்கிருந்து பின்னால் எண்ணி வாருங்கள். சமவெளியில் அந்த மாதம் மார்கழி, நீட்டினால் தை பாதி வரை. ஆர்கெல் மாதிரி குறுகிய நாள் ரகம் விதைத்து ஐந்தாறு வாரத்தில் பூக்கும். அப்படியென்றால் ஐப்பசி கடைசியிலோ கார்த்திகை முதல் வாரத்திலோ விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். அதுவோ வடகிழக்குப் பருவமழைக் காலம், மழை விட்ட இடைவெளி பார்த்து மேட்டுப்பாத்தியில் போடுங்கள். தை பிறந்த பிறகு விதைத்தால் மாசி வெயிலில் பூத்து, இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெயில் தாங்கும் ரகங்களாக அர்கா சைத்ரா, அர்கா தபஸ் என்று சிலவற்றை வெளியிட்டிருக்கிறது. விதை கிடைத்தால் அவற்றையும் ஒரு வரிசை போட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். சேலம், மதுரை, திருச்சி பக்கம் பட்டாணி என்பது ஆசைக்குப் போடும் பயிர். ஒருநாள் புலாவுக்கு வரும், மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்த முடியாது.

அடி இலை மஞ்சளாவதும் இதே வெயிலின் வேலைதான். அந்தச் செடிகளை மண்மட்டத்தில் அறுத்து மக்கவிடுங்கள், வேரைப் பிடுங்காமல் மண்ணுக்குள்ளேயே விடுங்கள்.

மளிகைக் கடையில் வாங்கிய காய்ந்த பட்டாணியை விதைக்கலாமா? விதைப் பாக்கெட் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர். இதையே கேட்ட இன்னும் பலர்

முளைக்கும். பழசாகாமல், வண்டு துளைக்காமல், உடைபடாமல் இருந்தால் பெரும்பாலும் முளைக்கும். ஆனால் முளைத்து வளர்ந்து காய்த்த பிறகு உரித்து வாயில் போட்டால், இதற்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று இருக்கும்.

மளிகைக் கடையில் சுண்டலுக்கு விற்கும் வெள்ளைப் பட்டாணியும் காய்ந்த பச்சைப் பட்டாணியும் முற்றவிட்டுப் பருப்பாகப் பயன்படுத்த வளர்க்கிற ரகங்கள். மஞ்சள் பட்டாணி என்றும் சொல்கிற அந்த வெள்ளைப் பட்டாணியில் கணிசமான பகுதி கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. எந்த ரகம், எந்தக் குளிருக்குப் பழகியது என்று கடைக்காரருக்கே தெரியாது. நாம் பச்சையாக உரித்துத் தின்கிற தோட்டப் பட்டாணி வேறு வகை. இரண்டையும் காய்ந்த நிலையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுண்டல் பட்டாணி கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று உருண்டையாக இருக்கும். ஆர்கெல், போன்வில்லே விதைகள் தோல் சுருங்கி, மேடும் பள்ளமுமாக, ஏதோ கெட்டுப்போன விதை போலத் தெரியும். அந்தச் சுருக்கம்தான் இனிப்புக்கு அடையாளம். சுருங்கிய வகையில் மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டும் நொதி ஒன்று சரியாக வேலை செய்வதில்லை, அதனால் சர்க்கரை நிறைய மிஞ்சுகிறது. சர்க்கரை கூடுதலாக இருப்பதால் பச்சையில் தண்ணீரையும் கூடுதலாக இழுத்து உப்பும், காயும்போது அந்த அளவுக்குத் தோல் தொய்ந்து சுருங்கும். மெண்டல் 1856-இல் தொடங்கி ஏறக்குறைய எட்டு ஆண்டுகள், சுமார் 28,000 செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்டுபிடித்தாரே, அவர் பிரித்து எண்ணிய உருண்டை விதையும் சுருங்கிய விதையும் இதேதான்.

பாக்கெட் விலைக்கு மலைக்க வேண்டாம். பத்தடி நீளம், நாலடி அகலப் பாத்திக்கு மூன்று வரிசை, சுமார் 90 விதை. 50 கிராம் பாக்கெட் தாராளம், மிச்சமே வரும். ஒருமுறை வாங்கினால் போதும், அடுத்த ஆண்டுக்கு நீங்களே விதை எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே பதில் இருக்கிறது.

பாக்கெட் விதை ரோஸ் நிறத்திலோ சிவப்பாகவோ பொடி பூசி வந்தால் அது பூஞ்சாண மருந்து. மிஞ்சியதை ஊறவைத்துச் சுண்டல் செய்யும் யோசனை யாருக்காவது வந்தால் உடனே கைவிடவும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விதைத்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இதோடு இன்னொன்று, கடைப் பட்டாணி கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பச்சையானால் சாயம். அது விதைக்கும் வேண்டாம், சுண்டலுக்கும் வேண்டாம்.

ஊட்டியில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது அம்மா. பணி ஓய்வுக்குப் பிறகு இப்போதுதான் தோட்டம் பக்கம் வருகிறேன். பட்டாணிக்கு மலைதான் சரி என்கிறார்கள், ஆனால் போன மார்கழியில் ஒரே இரவில் பூவும் பிஞ்சும் கருகிவிட்டன. நோயா, பனியா?
— வாசகர், உதகமண்டலம்

பனிதான் ஐயா. பட்டாணி இலை லேசான உறைபனியைத் தாங்கும், காலையில் வாடினாற்போல நின்று வெயில் ஏறியதும் தேறிவிடும். பூவும் இளம் பிஞ்சும் அப்படித் தாங்காது. ஒரே இரவில் பூ மட்டும் வெந்தது போல் ஆகி, இலை பிழைத்துக்கொண்டது என்றால் சந்தேகமே வேண்டாம்.

மலையில் இரண்டு பருவம் சொல்வார்கள், பிப்ரவரி-மார்ச் ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. இரண்டாவது பருவத்தில் போட்டது சரியாக டிசம்பர், ஜனவரியில் பூக்கும், உறைபனியும் அப்போதுதான் விழும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகி நிற்கிற காலையில், கொஞ்சம் மேலே சரிவில் இருக்கிற வீட்டுத் தோட்டத்தில் ஒன்றுமே ஆகியிருக்காது. உங்கள் இடம் பள்ளமா சரிவா என்று பாருங்கள். பள்ளம் என்றால் அக்டோபர் பருவத்தை விட்டுவிட்டு, பனி விலகத் தொடங்கும் பிப்ரவரி கடைசியில் விதையுங்கள். ஏப்ரலில் பூத்து மே மாதம் காய் பறிக்கலாம். சரிவு என்றால் இரண்டு பருவமும் உங்களுக்குத்தான். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை.

அடுத்தது மண். நீலகிரி மண் புளிப்பு மண், அமிலத்தன்மை அதிகம். பட்டாணி கேட்பது கார அமில நிலை (பி.எச்.) 6-லிருந்து 7.5 வரை. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, சொல்கிற அளவுக்கு டோலமைட்டோ விவசாயச் சுண்ணாம்போ விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கொத்திக் கலந்துவிடுங்கள். விதைக்கிற அன்று சுண்ணாம்பைத் தூவுவதில் பிரயோசனம் இல்லை. தொழு உரம் நன்றாக மக்கியதாக இருக்கட்டும்.

ரகம் என்றால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஊட்டி 1 உங்கள் ஊருக்கென்றே வந்தது. குட்டைச் செடி, 90 நாள் வயது. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, விதைக்கு விதை நாலு அங்குலம், ஆழம் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம். குட்டை ரகம் என்றாலும் ஒரு பக்கம் சாயும், செடி ஒரு சாண் வரும்போதே கிளைகள் உள்ள சுள்ளிகளாகப் பார்த்து வரிசை நெடுக ஊன்றிவிடுங்கள். மூங்கில் கழியைத் தனியாக நட்டால் பட்டாணி ஏறாது, அதன் பற்றுக்கம்பி நூல் மாதிரி மெல்லியது, பென்சில் பருமனுக்குக் குறைவான எதையாவதுதான் சுற்றிப் பிடிக்கும்.

இரவு முழுக்க ஊறவைத்து விதைத்தேன். இரண்டு வாரமாகியும் பாதிகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் கொழகொழவென்று நாறுகிறது. விதை ஏமாற்று வேலையா?
— வாசகி, குன்னூர்

நாறுகிறது என்றால் விதை அழுகியிருக்கிறது. காணவில்லை என்றால் எலி. அப்படியே கல்லாக இருக்கிறது என்றால் ஈரம் போதவில்லை. இப்படித் தோண்டிப் பார்ப்பது நல்ல பழக்கம், விதைக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் எல்லோரும் செய்ய வேண்டியது.

சுருங்கிய விதைக்குச் சர்க்கரை அதிகம் என்று மேலே சொன்னேனே, மண்ணில் இருக்கும் பூஞ்சாணத்துக்கும் அது தெரியும். ஈரக் குளிர் மண்ணில் உருண்டை விதை தாக்குப்பிடிக்கும், சுருங்கிய விதை சீக்கிரம் அழுகும். அக்டோபர் மழையில் ஏற்கெனவே சொதசொதவென்று இருக்கிற மண்ணில், இரவெல்லாம் ஊறி உப்பிய விதையைப் போட்டால் அதற்கு மூச்சுவிட இடமில்லை. மண்ணில் ஈரம் இருக்கும்போது ஊறவைக்கவே வேண்டாம். காய்ந்த மண், சமவெளி, வெயில் என்றால் நாலைந்து மணி நேரம் ஊறினால் போதும், தோல் சுருக்கம் நீங்கியதும் எடுத்து நட்டுவிடலாம்.

இனி போடும்போது ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி பொடி (விதையை அழுகவைக்கும் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) கலந்து விதையுங்கள். உங்கள் 50 கிராமுக்கு ஒரு சிட்டிகைதான் வரும், கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது. பாத்தியை அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். விதைத்த அன்று ஒரு தண்ணீர், அப்புறம் முளை தெரிகிற வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் பூவாளியால் தெளித்தால் போதும். சமவெளியில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், உங்கள் ஊர்க் குளிரில் இரண்டு வாரம்கூட ஆகலாம்.

விதை மேலேயே சந்தேகம் என்றால் பத்து விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டிச் சமையலறையில் வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் விதை நல்ல விதை. நாலுதான் முளைத்தது என்றால் இரண்டு மடங்கு போடுங்கள் அல்லது வேறு வாங்குங்கள்.

முளைத்து இரண்டு இலை விட்டதும் மைனாவோ புறாவோ வந்து வரிசை முழுக்க மொட்டையாகக் கிள்ளிவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி விதைக்க வேண்டுமா?
— வாசகர், கொடைக்கானல்

பிடுங்காதீர்கள், பொறுங்கள். அவரையோ பீன்ஸோ முளைக்கும்போது பருப்பு இரண்டாகப் பிளந்து தண்டோடு மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதைப் பறவை கொத்தினால் கதை முடிந்தது. பட்டாணி அப்படியில்லை, பருப்பை மண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தண்டை மட்டும் மேலே அனுப்பும். மேலே கிள்ளுப்பட்டாலும் கீழே சாப்பாடு இருக்கிறது, அடிக்கணுவிலிருந்து மறுபடி குருத்து வரும், சில சமயம் ஒன்றுக்கு இரண்டாகவே வரும். ஒரு வாரம், பத்து நாள் பாருங்கள். அதற்குப் பிறகும் மண்ணுக்கு மேல் ஒன்றும் தெரியாத இடங்களில் மட்டும் புதுவிதை ஊன்றுங்கள். செடியோடு பருப்பையும் இழுத்துத் தின்றிருந்தால்தான் நம்பிக்கை இல்லை.

அரை அடி உயரம் வரும் வரை பழைய கொசுவலையைக் குச்சிகள் மேல் விரித்துக் கட்டுங்கள். வலை செடியைத் தொடக்கூடாது. சி.டி. தொங்கவிடுவது, சோளக்கொல்லைப் பொம்மை எல்லாம் நாலைந்து நாளுக்குத்தான், பிறகு மைனா அதன் மேலேயே உட்காரும்.

மாடியில் குரோ பேக்கில் வருமா? சென்னை. கிழக்குப் பார்த்த மொட்டை மாடி.

கிழக்கு நல்லது. காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்து, பிற்பகல் சுவர் நிழலோ தண்ணீர்த் தொட்டி நிழலோ விழுகிற மூலையைப் பிடியுங்கள். ஓரடி ஆழமுள்ள பையில், ஓரடி அகலத்துக்கு ஐந்தாறு செடி வைக்கலாம், நாற்றாக எடுத்து நடாமல் விதையை நேரடியாக ஊன்றுங்கள், பட்டாணி வேர் தொந்தரவை விரும்பாது. நவம்பர் நடுவிலிருந்து கடைசிக்குள். புயல் மழை வந்தால் பைகளை ஒதுக்குப்புறம் நகர்த்த முடியும் என்பதுதான் மாடிக்காரர்களுக்கு இருக்கிற ஒரே வசதி. பையின் அடியில் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள், ஒருநாள் தேங்கினாலும் அடித்தண்டு கறுக்கும். பூக்கிற சமயத்திலும் காய் திரள்கிற சமயத்திலும் மட்டும் தண்ணீர் தவறக்கூடாது.

ஆனால் சென்னையில் டிசம்பரிலேயே பகல் 29 டிகிரி இருக்கும், காயை நம்பி மட்டும் போட்டால் ஏமாற்றம்தான். நான் சென்னைக்காரர்களுக்குச் சொல்வது, பாதிப் பைகளைக் கீரைக்கு விடுங்கள் என்று. பட்டாணிக் குருத்தும் இளம் இலையும் அருமையான கீரை, வங்காளத்தில் குளிர்காலம் வந்தால் மட்டர் சாக் இல்லாமல் இருக்க மாட்டார்கள். இதற்கு மட்டும் மளிகைக் கடைப் பட்டாணி போதும், சாயமில்லாததாகப் பார்த்து நெருக்கமாகத் தூவி, அரை அங்குலம் மண் மூடினால் மூன்று வாரத்துக்குள் ஆறு அங்குலம் வந்து நிற்கும். அடியில் ஒரு கணு விட்டு நறுக்கினால் இன்னொரு முறையும் துளிர்க்கும். பூண்டு நாலு பல், காய்ந்த மிளகாய் இரண்டு தாளித்து ஒரு புரட்டு, அவ்வளவுதான், மூடி வைத்தால் நிறம் போய்விடும். மருந்து பூசிய பாக்கெட் விதையைக் கீரைக்குப் போடாதீர்கள்.

கோழி எரு நிறைய போட்டேன். கொடி ஆளுயரம் போய்விட்டது, இலை கரும்பச்சை, பார்க்கவே அழகு. பூ மட்டும் இல்லை.
— வாசகர், ஓசூர்

ஓசூர்க் குளிருக்குப் பட்டாணி நன்றாகவே காய்க்க வேண்டும், எருதான் கெடுத்திருக்கிறது. தழைச்சத்து அள்ளிக் கொடுத்தால் செடிக்குப் பூக்கிற அவசரமே இருக்காது. இனி எந்த எருவும் வேண்டாம், தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள், நுனியைக் கிள்ளிக் கீரைக்கு எடுத்துக்கொண்டு காத்திருங்கள். போன்வில்லே மாதிரி நடுத்தர வயது ரகமாக இருந்தால் ஆர்கெலைவிடத் தாமதமாகத்தான் பூக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டாணி தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் பயிர், வேரில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் குடியேறினால். குடியேறியதா என்று பார்ப்பது சுலபம். பூக்கும் முன் ஓரத்துச் செடி ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு சிவப்புப் புரதம் அது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. எரு மிதமிஞ்சிய மண்ணில் முடிச்சே அதிகம் இருக்காது, கேட்காமலே சாப்பாடு வரும்போது செடி ஏன் சமைக்கப் போகிறது?

முதல்முறை பட்டாணி போடும் மண்ணில் அந்த நுண்ணுயிர் இல்லாமலேகூட இருக்கலாம். ரைசோபியம் பாக்கெட் வாங்கும்போது பட்டாணிக்கு என்று கேட்டு வாங்குங்கள், தட்டைப்பயறுக்கோ நிலக்கடலைக்கோ உள்ளது இதற்கு ஆகாது. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதைத்துவிடுங்கள். ரோஸ் பொடி பூசிய விதையில் இதைப் புரட்டினால் மருந்து நுண்ணுயிரையும் சேர்த்துக் கொல்லும்.

மொட்டை மாடியில் தேனீ வருவதில்லை. பூசணிக்குச் செய்வது போல் கையால் மகரந்தம் தடவ வேண்டுமா?

வேண்டாம். பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். பிஞ்சு பிடிக்கவில்லை என்றால் வெயில் அல்லது வறட்சி, தேனீ மேல் பழி போட முடியாது.

இலையில் வெள்ளைக் கோடுகள், யாரோ பேனாவால் கிறுக்கியது போல்.

இலைக்குள்ளே சுரங்கம் தோண்டும் புழு. அடி இலைகளில்தான் முதலில் வரும், அந்த இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். செடி நன்றாக இருந்தால் இதற்கெல்லாம் மருந்து அடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

காய் பிடிக்கிற நேரத்தில் இலை, தண்டு, காய் எல்லாம் மாவு கொட்டியது போல் வெள்ளையாகிறது. ஒவ்வொரு வருஷமும் இதே கதை. நிரந்தரத் தீர்வு உண்டா?
— வாசகி, கோத்தகிரி; வாசகர், கிருஷ்ணகிரி

சாம்பல் நோய். பட்டாணி போடுகிற எல்லோர் தோட்டத்துக்கும் ஒருநாள் வரும். மழைதான் பூஞ்சாணம் பரப்பும் என்று நினைக்கிறோம், இது நேர்மாறு. பகல் வறண்டு வெதுவெதுப்பாகவும் இரவு குளிர்ந்தும் இருந்தால் குஷியாகப் பரவும், நல்ல மழை பெய்தால் அடங்கும். பருவக் கடைசியில்தான் அது கொட்டமடிக்கும், தாமதமாக விதைத்தவருக்குத்தான் அடி அதிகம்.

அதனால் முதல் மருந்து, பத்து நாள் முன்பே விதைப்பது. இரண்டாவது, ரகம் மாற்றுவது. பெங்களூர் நிறுவனத்தின் அர்கா அஜித் சாம்பல் நோய்க்கும் துரு நோய்க்கும் எதிர்ப்பு உள்ளது, வருஷா வருஷம் இதே கதை என்கிறவர்கள் ஆர்கெலை விட்டு அதற்குப் போவதுதான் புத்திசாலித்தனம். மூன்றாவது, நெருக்கத்தைக் குறைத்து வரிசைகளுக்கு நடுவே காற்று போகவிடுவது.

இவ்வளவுக்குப் பிறகும் வந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றே இலையின் இரண்டு பக்கமும் படுகிற மாதிரி அடிக்க வேண்டும், அதுவும் காலையிலோ சாயங்காலமோ. கிருஷ்ணகிரிக்காரர் இதைக் கவனிக்கவும், வெயில் 32 டிகிரிக்கு மேல் ஏறும் நாளில் அடித்தால் கந்தகமே இலையைக் கருக்கும். அடித்த பிறகு பாட்டிலில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும் வரை காய் பறிக்காதீர்கள், பறித்ததையும் கழுவிவிட்டு உரியுங்கள். புளித்த மோர் தெளிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆரம்பத்தில், லேசாக இருக்கும்போது அடித்தால் கொஞ்சம் அடங்கும். முழுச்செடியும் வெளுத்த பிறகு மோர் அடிப்பதைவிட அதைக் குடித்துவிட்டு, இருக்கிற காயைப் பறித்துக்கொண்டு செடியை அப்புறப்படுத்துவது மேல். அந்தச் செடியை எருக்குழியில் போடாதீர்கள்.

எப்போது பறிப்பது? வீட்டுப் பட்டாணி இனிக்கும் என்றார்கள், எனக்கு மாவு மாதிரிதான் இருந்தது. பாத்திக்கு எவ்வளவு காய் வரும்? விதை எடுப்பது எப்படி?
— வாசகி, பெங்களூரு

மாவாக இருந்தது முற்றியதால், அல்லது பறித்து வைத்ததால். பூத்து மூன்று நாலு வாரத்தில் காய் நிரம்பும். பளபளப்பான பச்சையில், தொட்டால் உள்ளே மணி திரண்டிருப்பது தெரிகிற பக்குவத்தில் பறிக்க வேண்டும். பளபளப்பு மங்கி, தோலில் வலை போல் கோடு விழுந்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கீழே உள்ள காய்தான் முதலில் பக்குவமாகும், ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பறியுங்கள், இல்லாவிட்டால் கொடியே கையோடு வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருந்தால் மேலே பூத்துக்கொண்டே இருக்கும். நாலு காயை முற்றவிட்டால் செடி வேலை முடிந்தது என்று நிறுத்திவிடும்.

பறித்த நிமிஷத்திலிருந்து சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது, வெயிலில் கூடையில் கிடந்தால் இன்னும் வேகமாக. காலையில் பறித்து மதியம் சமைப்பதுதான் வீட்டுப் பட்டாணிக்கு இருக்கிற ஒரே பெருமை. அன்றைக்கு முடியாவிட்டால் உரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், நிறைய இருந்தால் உரித்து, கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிஷம் போட்டெடுத்து, குளிர்ந்த தண்ணீரில் ஆற்றி ஃபிரீசரில் போடுங்கள்.

கணக்கு கேட்டீர்கள். ஊட்டி 1 ரகத்துக்கு எக்டேருக்கு ஏறத்தாழ 12 டன் என்று சொல்கிறார்கள், அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அதுவும் தேர்ந்த விவசாயி கையில். பத்துக்கு நாலடிப் பாத்தியில் எல்லாம் நன்றாக நடந்தால் மூன்றரை, நாலு கிலோ காய். உரித்தால் பாதிகூடத் தேறாது. அதையும் மூன்று நாலு பறிப்பில் எடுப்பீர்கள், ஆகவே ஒரே நாளில் விருந்து வைக்கும் திட்டம் வேண்டாம். தோலோடு தின்னும் ரகம் போட்டால் எதுவும் வீணாகாது, அர்கா சம்பூர்ணா அப்படிப்பட்டது.

விதைக்கு, நல்ல செடி நாலைந்தைத் தொடக்கத்திலேயே துணி கட்டி அடையாளம் வைத்து, அவற்றில் பறிக்காமல் விட்டுவிடுங்கள். தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் பக்கத்து வரிசையில் வேறு ரகம் இருந்தாலும் பெரும்பாலும் கலக்காது. காய் செடியிலேயே பழுப்பாகி, ஆட்டினால் கலகலக்கும்போது பறித்து, உரித்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பல்லால் கடித்தால் பதியக்கூடாது, உடைய வேண்டும். அந்த அளவு காய்ந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் கட்டி நாலைந்து நாள் ஃபிரீசரில் வைத்தெடுத்தால் உள்ளே இருக்கும் வண்டு முட்டை சாகும். ஈரம் இருக்கும்போது ஃபிரீசரில் வைத்தால் விதையும் சேர்ந்து சாகும். மூன்று ஆண்டு வரை முளைப்புத்திறன் நிற்கும்.

ஆன்லைனில் 'ஸ்வீட் பீ' என்று வாங்கிப் போட்டேன். ஊதாவும் ரோஸுமாக வாசனையோடு பூத்துப் பிஞ்சு பிடித்திருக்கிறது. பிள்ளைகள் பறித்துத் தின்னக் காத்திருக்கிறார்கள். எப்போது பறிக்கலாம்?
— வாசகி, வெலிங்டன்

பறிக்கவே வேண்டாம். இது பூவுக்காக வளர்க்கும் செடி, ஊட்டிப் பங்களாத் தோட்டங்களில் வேலி ஓரமாக நிற்கும் அதே வாசனைப் பூ. விதையில் நஞ்சு உண்டு. பூவைப் பறித்து ஜாடியில் வையுங்கள், பிஞ்சுகளை இன்றைக்கே கிள்ளி எறியுங்கள், பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள், தாவரப் பெயர் பைசம் சட்டைவம் என்று இருந்தால் தின்னும் பட்டாணி, லாத்தைரஸ் என்று தொடங்கினால் பூ.

(அடுத்த இதழில் பீட்ரூட்டும் முள்ளங்கியும். கிழங்கு வைக்காமல் இலை மட்டும் வளர்கிறது என்பவர்கள் மண் எப்படி, எத்தனை அங்குல இடைவெளி விட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.)